ஊசிக்கும் இட்லிக்கும் நடுவே

சென்னைப் புறநகரில் ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனை. காலை ஏழரை மணி. காலில் புண்ணோடு சேர்க்கப்பட்டிருந்த என் பெரியம்மாவுக்கு வழக்கம்போல இன்சுலின் போட்டாயிற்று. இட்லி வருவதற்குள் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். "வயித்து ஸ்கேனு. ஒண்ணும் சாப்பிடாம வரணும்மா." கீழே போனால் நீண்ட வரிசை. ஒன்பதே முக்கால் மணிக்கு, வாய் ஓயாமல் பேசுகிற பெரியம்மா பேச்சை நிறுத்தினார். ஃபேனுக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தார், ஆனாலும் கழுத்தெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்து, எப்போதோ இறந்துபோன தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பக்கவாதம்தான் என்று பதறிப்போனேன். ஓடிவந்த செவிலியர் விரலில் குத்திப் பார்த்தார்: 41. உடனே நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்றினார்கள். பத்து நிமிடம் கழித்துப் பெரியம்மா கேட்டார்: "இட்லி ஆறிப்போயிருக்குமே?"

அன்று யாரைக் குறை சொல்வது? டாக்டர் எழுதிய அளவு சரி. செவிலியர் ஊசி போட்ட நேரமும் சரி. ஸ்கேன் தேவையானதுதான். சமையலறையிலும் தாமதமில்லை. பக்கத்திலேயே இருந்த எனக்கோ, ஊசி போட்டுக்கொண்டவர் பட்டினியாக இருக்கக் கூடாது என்று சொல்லத் தெரியவில்லை. அவரவர் வேலையை அவரவர் செய்தோம். ஊசிக்கும் இட்லிக்கும் நடுவே கிடந்த அந்த இரண்டேகால் மணி நேரம் மட்டும் யார் பொறுப்பிலும் இல்லை.

ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். 54-க்குக் கீழே போனால் மூளை தடுமாறத் தொடங்கும். இன்னும் இறங்கினால் வலிப்பு, நினைவிழப்பு, இதயத் துடிப்பில் கோளாறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) நிதியுதவியுடன் நாடு முழுக்க நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி தமிழகத்தில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. ஆகவே பல்லாவரம் முதல் வண்டலூர் வரை எந்த மருத்துவமனையின் எந்த வார்டை எடுத்துக்கொண்டாலும் சர்க்கரை நோயாளி இருப்பார். எலும்பு முறிவு, டெங்கு, மாரடைப்பு என்று அவர் வேறு எதற்காகவோ வந்து படுத்திருப்பார்.

நமக்கு அதிக சர்க்கரை மீது இருக்கும் பயம் தாழ் சர்க்கரை மீது இல்லை. "எங்கப்பாவுக்கு சுகர் 90-க்கு வந்துடுச்சு" என்று வார்டில் பெருமையாகச் சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். குறையக் குறைய நல்லது என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவ உலகமும் நினைத்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, அமெரிக்கா நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 6,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. சர்க்கரையை 81 முதல் 108-க்குள் கட்டிவைத்தவர்களில்தான் இறப்பு அதிகமாக இருந்தது. அதனால்தான் இன்று, தீவிர சிகிச்சையில் இருக்கும் பெரும்பாலான நோயாளிகளுக்கு 140 முதல் 180 வரை போதும் என்கிறார்கள். டூட்டி டாக்டர் 160-ஐப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனால், அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று எண்ண வேண்டியதில்லை.

மருத்துவமனைக்குள் வந்ததும் சர்க்கரையின் கணக்கே மாறிவிடுகிறது. வாந்தியோ வாய்க்கசப்போ இருந்தால் சாப்பாடு பாதியாகும், மருந்தின் அளவு மட்டும் அப்படியே நிற்கும். சிறுநீரகம் சோர்ந்தால் இன்சுலின் உடலில் கூடுதல் நேரம் தங்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வார்டில் கொடுப்பதோடு சேர்த்துப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. இன்சுலின் குப்பியிலும் ஒரு கண் வேண்டும். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் உண்டு, 100 யூனிட் குப்பியும் உண்டு. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் மருந்தை எடுத்தால் இரண்டரை மடங்கு உடலில் ஏறிவிடும்.

இதே ஜிஎஸ்டி சாலையில் இருக்கும் தாம்பரம் சானடோரியத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கி, 1937-இல் அரசு ஏற்றுக்கொண்ட காசநோய் மருத்துவமனை அது. தமிழகத்தில் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நீரிழிவும் இருப்பதாக 2012-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மருந்து, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளை உடலிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். அதனால் மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள். ஆறு மாதத்தில் காசநோய் மருந்து முடிகிறது, நோய் குணமாகிறது, பசியும் எடுக்கிறது. கூட்டிய அளவைக் குறைக்கத்தான் பலருக்கும் நினைவிருப்பதில்லை. "எல்லாம் சரியாயிடுச்சு" என்று வீடு திரும்பியவர் சில வாரங்களில் மயங்கி விழ இதுவே போதும்.

தாழ் சர்க்கரையைத் தடுக்கும் பொறுப்பை ஒருவர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. நிர்வாகங்கள் இன்சுலின் நேரத்தையும் உணவு வண்டியின் நேரத்தையும் ஒரே தாளில் எழுதட்டும். ஸ்கேன் பிரிவு, சர்க்கரை நோயாளியை வரிசையின் முதலில் அழைக்கட்டும். வெறும் வயிற்றில் பரிசோதனை என்று எழுதும் கை, அன்றைய ஊசி பற்றியும் அதே இடத்தில் எழுதட்டும். யூனிட் என்பதை முழுதாக எழுதுங்கள், சுருக்கி எழுதிய ஆங்கில எழுத்து பூஜ்யமாகத் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடக்கூடும். நாற்பது நோயாளிக்கு ஒரே செவிலியர் இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டளைகளால் பலனில்லை. செவிலியர் பணியிடங்களை நிரப்புவது அரசும் தனியார் நிர்வாகங்களும் செய்ய வேண்டிய காரியம்.

உடன் தங்கும் நமக்கும் பங்கு இருக்கிறது. வீட்டில் என்னென்ன மாத்திரை என்று எழுதிக் கொடுப்போம். நோயாளி பாதித் தட்டை ஒதுக்கினால் செவிலியரிடம் சொல்வோம். கை நடுக்கம், திடீர் வியர்வை, காரணமில்லாத கோபம், உளறல் தெரிந்தால் உடனே சர்க்கரை பார்க்கச் சொல்வோம். நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். வோக்ளிபோஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுபவருக்குச் சாதாரணச் சர்க்கரை வேகமாக வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

நாளைக் காலை நீங்கள் ஏதோ ஒரு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஊசி வரும்போது தட்டு வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்: "சிஸ்டர், சாப்பாடு இன்னும் வரலையே, இப்ப போடலாமா?"