பழி லேசர் மேலா?

"கண்ணில் லேசர் வைத்தார்கள், இருந்த பார்வையும் போய்விட்டது." இப்படியொரு குரல்பதிவு மறுபடியும் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருக்கிறது. கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள், நாலு பேருக்கு அனுப்பியும் வைக்கிறார்கள். சர்க்கரை நோயால் விழித்திரை பழுதான ஒருவர், மருத்துவர் குறித்துக் கொடுத்த தேதியில் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட இது போதும். இந்தப் பேச்சு பொய் என்று தெரிந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆகிறது. இன்னமும் இதைச் சுமந்து திரிவதைப் பார்க்க ஆத்திரமாக வருகிறது.

அமெரிக்காவில் 15 மருத்துவ மையங்கள் 1972 முதல் 1975 வரை 1,700-க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளை ஓர் ஆய்வில் சேர்த்தன. ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் மட்டும் லேசர் அல்லது அதையொத்த ஒளிச் சிகிச்சை. எந்தக் கண் என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். மறு கண்ணைத் தொடவில்லை. ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு, ஒரே மாத்திரை. இரண்டு ஆண்டுகளில், தொடாமல் விட்ட கண்களில் நூற்றுக்குச் சுமார் 16 கடுமையாகப் பார்வை இழந்தன. சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 6. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், ஆபத்து மிகுந்த மறு கண்களுக்கும் சிகிச்சை தரலாம் என்று 1976-இல் ஆய்வின் விதியையே மாற்றினார்கள். லேசர்தான் கண்ணைக் கெடுக்கிறது என்பவர்கள் அந்த இரண்டு கண்களுக்கும் பதில் சொல்லட்டும்.

"எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு லேசருக்குப் பிறகுதான் கண் தெரியாமல் போனது" என்பார்கள். போயிருக்கும். கூடிய சர்க்கரை விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கிறது. ரத்தம் கிடைக்காமல் தவிக்கும் விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை எளிதில் உடைபவை. உடைந்து ரத்தம் கசியும் வரை பலருக்குப் பார்வை தெளிவாகவே இருக்கும். கசிந்த பிறகு ஓடிவருகிறவருக்கு லேசர் பார்வையைத் திருப்பித் தராது. மிச்சமிருப்பதைக் காப்பதே அதன் வேலை. பக்கப் பார்வையும் இருட்டில் பார்க்கும் திறனும் ஓரளவு குறையலாம் என்பது உண்மைதான். நடுப்பார்வையைக் காப்பாற்றக் கொடுக்கும் விலை அது. லேசருக்குப் பிறகும் சிலருக்கு ரத்தம் கசிகிறது. அதைச் செய்வது நோய். நம்பாதவர்கள் மறுபடியும் அந்த இரண்டு கண்களிடம் போகட்டும்: லேசரே படாத கண்தான் அதிகம் குருடானது.

கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டு "கண் நன்றாக இருக்கிறது" என்று திரும்புவதும் இதே அறியாமைதான். சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்காத சோதனை சர்க்கரை நோயாளிக்குப் போதாது. ஆவாரம்பூத் தேநீரை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள், ரத்த அழுத்தத்தை அளந்தே பார்க்காதவர்கள், அம்மாவின் கண் சோதனையை மட்டும் அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளிப்போடும் பிள்ளைகள் என்று இந்தப் பட்டியல் நீளும். சென்னையில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு, சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு 17.6 பேருக்கு விழித்திரை பாதிப்பு இருப்பதைக் கண்டது. அறுவரில் ஒருவருக்கு மேல்.

பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்றால், கண்டுபிடித்தவுடன் ஒரு முறையும் அதன்பின் ஆண்டுதோறும் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். அந்தக் குரல்பதிவு உங்களுக்கும் வந்திருந்தால் அழித்துவிடுங்கள். வீட்டில் யாருக்காவது லேசருக்குத் தேதி கொடுத்திருந்தால், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.