அடியும் நகையும்

ஹட்டனை அடுத்த தோட்டத்துப் பாடசாலை ஒன்றின் கலைவிழாவுக்கு அண்மையில் சென்றிருந்தேன். மாணவர்கள் தாமே எழுதி நடித்த நகைச்சுவை நாடகம் ஒன்று அங்கே அரங்கேறியது. பூனையாக ஒரு பையனும் எலியாக ஒரு சிறுமியும் தோன்றினர். தொலைக்காட்சிச் சித்திரப் படங்களில் நாள்தோறும் காணும் அதே துரத்தல், அதே துடைப்பக்கட்டை. எலிக்கென்று பூனை விரித்து வைத்த சாக்கில் பூனையே தலைகுப்புற விழுந்தது. மண்டபம் அதிர்ந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு மலையிலிருந்து நேரே வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்த மூதாட்டிகளும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

அடுத்த காட்சி பிரட்டுக்களம். கோட்டு அணிந்த நெடிய பையன் ஒருவன் கையில் பிரம்புடன் நின்றான். திக்குவாய் வேலையாளாக ஒரு சிறுவன் வந்தான். அவன் வாய் திறக்கும்போதெல்லாம் ஓர் அடி. அதற்கு மேல் அக்காட்சியில் எதுவும் இல்லை. முன்வரிசைச் சிறுவர்கள் சிரித்தார்கள். பின்வரிசை சிரிக்கவில்லை.

விழா முடிந்ததும் இளம் ஆசிரியர் ஒருவர் என்னிடம், "ஐயா, இந்தச் சித்திரப் படங்கள்தாம் பிள்ளைகளைக் கெடுக்கின்றன. இனி மேடையில் அடிதடியே கூடாது என்று விதித்துவிடலாமா?" என்று வினவினார். அன்று நான் விடை கூறவில்லை. இங்கே கூற முயல்கிறேன்.

நகைச்சுவை எதனின்று பிறக்கிறது என்ற ஆராய்ச்சி தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் அதன் காரணங்களை நான்காக வகுக்கிறது. பிறரை எள்ளுதல், பிள்ளைத்தன்மை, அறியாமை, எதையும் எளிதில் நம்பிவிடும் மடமை என்பனவே அவை. இந்நான்கினுள் அடித்தல் இல்லை. அது வேறோர் இடத்தில் இருக்கிறது. உறுப்பைச் சிதைத்தல், குடியைக் கெடுத்தல், வைதும் அடித்தும் அலைத்தல், கொல்லுதல் ஆகியவற்றை அவர் வெகுளிக்குக் காரணங்களாக வைத்தார். அஃதாவது, அடி தன்னளவில் சினத்தைப் பிறப்பிப்பதேயன்றி நகையைப் பிறப்பிப்பதன்று.

அப்படியாயின் பூனை அடிபடும்போது நாம் ஏன் சிரிக்கிறோம்? வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்னும் இருவர் 1940 முதல் 1958 வரை இயக்கிய 'டொம் அன்ட் ஜெரி' படங்கள் 114. அவற்றுள் 7 ஒஸ்கார் பரிசு பெற்றன. அப்படங்களில் டொம் படும் அடிக்குக் கணக்கில்லை. ஆயினும் நாம் சிரிப்பது அடியைக் கண்டன்று. தன் சூழ்ச்சி பலித்துவிட்டதென நம்பி அது மீசையை முறுக்கி நிற்கும் பேதைமையைக் கண்டு. சக் ஜோன்ஸ் 1949ஆம் ஆண்டில் திரைக்குக் கொண்டுவந்த ஓநாய் மலைவிளிம்பைக் கடந்து வெறும் வெளியில் ஓடுகிறது. குனிந்து பார்க்கும்வரை விழுவதில்லை. அது குனிந்து பார்க்கும் அந்தக் கணத்திலேயே நாம் சிரித்துவிடுகிறோம். விழுவது பின்னரே நிகழ்கிறது.

இங்கே இரண்டு நியதிகள் காக்கப்படுகின்றன. அடி, தீங்கு சூழ்ந்தவனையே சென்று சேர்கிறது. பட்ட காயம் மறுகணம் மறைந்துவிடுகிறது. எரிந்தவன் எழுவது நம் மலைநாட்டார் அறியாத கதையன்று. மாசி மாதத்துக் காமன் கூத்தில் நெற்றிக்கண்ணால் எரியுண்ட மன்மதன் இரதியின் வேண்டுதலால் மீள்கிறான். ஆனால் அங்கே அவன் எழுமுன் இரதி புலம்புகிறாள்; கூடியிருப்போரும் கலங்குகிறார்கள். சித்திரப் படமோ புலம்புவதற்கு இடைவெளி கொடுப்பதில்லை. அந்த வேகத்தினால்தான் அங்கே வன்செயல் நகைக்குத் துணையாகிறது.

இரண்டு நியதிகளுள் முதலாவது தவறினால் சித்திரப் படமும் கசக்கும். அதே 'டொம் அன்ட் ஜெரி' வரிசையின் பழைய படங்களில் முகம் காட்டாத கறுப்பினப் பணிப்பெண் ஒருத்தி வருவாள். அந்தச் சித்திரிப்பு ஓர் இனத்தையே இழிவுபடுத்துவதெனக் கண்டனம் எழுந்தது. பிற்காலத்தில் சில படங்களில் அவள் உருவம் மாற்றி வரையப்பட்டது. அவளைக் காண்போர் மனம் புண்பட்டது அடியினால் அன்று, எளியவரை எள்ளியதால்.

நம் திரைப்பட நகைச்சுவையையும் இவ்வாறே நிறுத்துப் பார்க்கலாம். 1989இல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' படத்து வாழைப்பழக் காட்சியை அறியாதார் இலர். இரண்டு பழத்துக்குக் காசு பெற்றுச் சென்ற செந்தில் ஒன்றுடன் திரும்புகிறார். மற்றது எங்கே என்றால், கையில் இருப்பதே அந்த மற்றது என்கிறார். கவுண்டமணியின் அடியை நீக்கிவிட்டுப் படித்தாலும் சிரிப்பு குறைவதில்லை. ஆனால் ஒருவன் அடிப்பதும் மற்றவன் அடிபடுவதுமே முழுக் காட்சியாக அமைந்த படங்களும் எத்தனையோ உள. அவற்றிலிருந்து அடியை எடுத்துவிட்டால் மீதி எதுவும் இராது.

இனி, அன்று பின்வரிசை ஏன் சிரிக்கவில்லை என்பதற்கு வருகிறேன். வேலையை விட்டு நீங்கிய தோட்டத் தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறையிலிட்ட சட்டம் இந்நாட்டில் இருந்தது. கடனைக் காட்டித் தொழிலாளரைக் கைமாற்றிய துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. கங்காணியின் பிரம்பு அம்மூதாட்டிகளுக்குக் கதையன்று. தாய் சொல்ல, பாட்டி சொல்லக் கேட்ட குடும்ப வரலாறு. 1940 ஜனவரி 10ஆம் நாள் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் குண்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். டொம்மும் ஜெரியும் முதன்முதல் திரையில் தோன்றியது அதற்கு அடுத்த மாதம். அந்தப் பூனை இன்றுவரை ஒவ்வோர் அடிக்குப் பின்னும் எழுந்து நிற்கிறது. கோவிந்தன் எழவில்லை.

ஆகவே பிரட்டுக்களத்தையும் பிரம்பையும் மேடையிலிருந்து விலக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் கருத்து. சார்ளி சப்ளினின் 'மொடர்ன் டைம்ஸ்' 1936இல் வெளிவந்தது. தொழிலாளிக்கு உணவூட்டவென அமைத்த இயந்திரம் பழுதுபட்டு அவன் முகத்திலேயே மோதுகிறது. அடி வாங்குபவன் எளியவனே. ஆயினும் நாம் நகைப்பது, உணவு நேரத்தையும் மிச்சம் பிடிக்க எண்ணிய முதலாளியின் பேராசையையும் அந்த இயந்திரத்தின் ஆணவத்தையும் கண்டு. எளியவன் அடிபட்டும் எள்ளப்படாதிருக்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

எனவே, இளம் ஆசிரியருக்கு என் விடை இது: சித்திரப் படங்களைப் பழிக்க வேண்டாம், அடியை மேடையிலிருந்து தள்ளிவைக்கவும் வேண்டாம். அடுத்த முறை ஒத்திகையின்போது அடியை மட்டும் நீக்கிவிட்டு நாடகத்தை ஒருமுறை நடிக்கச் செய்யுங்கள். சிரிப்பு எஞ்சினால் அடியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். எஞ்சாவிட்டால் காட்சியை மீண்டும் எழுதப் பிள்ளைகளைப் பணியுங்கள். பிரம்பு பிடித்தவனின் பேதைமை எங்கே என்று அவர்களே தேடட்டும். அத்தேடலைவிடச் சிறந்த இலக்கியப் பயிற்சி வேறில்லை.

அடுத்த ஆண்டு விழாவுக்கும் என்னை அழைப்பதாக அவர் கூறியிருக்கிறார். நான் பின்வரிசையில் உட்கார விரும்புகிறேன்.