பெயரைப் பிளவாதீர்

ஒருவரை முழுப்பெயரால் ஒருமுறை சுட்டியபின், குடும்பப்பெயருக்கு முன் ‘மிஸ்டர்’ சேர்த்து வழங்குவது ஆங்கில வாக்கிய மரபு. தமிழர்க்கோ குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். மேனாள் குடியரசுத் தலைவரின் பெயர் ‘அப்துல் கலாம்’ என்னும் தொடர். ஆங்கில ஏடுகள் அவரை ‘மிஸ்டர் கலாம்’ என்றே எழுதின.

இது சிறு செய்தியன்று. ‘அப்து’ என்றால் அடியார். ‘அப்துர் ரஹ்மான்’ அளவற்ற அருளாளனின் அடியார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளுக்கு விண்ணப்பிக்கும் திருவள்ளூர் மாவட்டத்து மாணவர், படிவத்தின் இரு கட்டங்களுக்காக அப்பெயரைப் பிளந்தால், ‘மிஸ்டர் ரஹ்மான்’ ஆகிவிடுகிறார். அடியார் மறைய, ஆண்டவனின் திருப்பெயரே எஞ்சுகிறது.

குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாய் விடுவதும் தீர்வன்று. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உடைய வருகை விசாப் பயணிகளை 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஏற்க மறுத்தது. தந்தை பெயர் அதில் இடம்பெற்றிருந்தால் போதும் எனப் பின்னர்த் தளர்த்தியது.

எனவே பெற்றோர்க்கும் மாணவர்க்கும் நாம் கூறுவது இது: தம் பெயரைப் பிரிக்காது ஒரே கட்டத்தில் எழுதுக, மற்றதில் தந்தை பெயரை விரித்து எழுதுக, எல்லாச் சான்றிதழ்களிலும் அவ்வாறே அமைக. ‘மிஸ்டர் ரஹ்மான்’ என்று அழைப்போரிடம், “என் பெயர் அப்துர் ரஹ்மான்” எனப் பணிவுடன் திருத்துக. பெயரின் பொருளைக் காப்பதும் மொழிக்கடனே.