கிளட்ச் பிளேட்டும் கொஞ்சம் காமர்ஸும்

"கிளட்ச் பிளேட் போயிடுச்சு தம்பி, மாத்திரணும்."

பைக் வைத்திருக்கும் எல்லோரும் ஒரு நாள் கேட்டே தீர வேண்டிய வசனம் இது. கேட்டவுடன் பெரும்பாலானவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "எவ்வளவு ஆகும்ணே?" என்பார்கள். "நிஜமாவே போயிடுச்சா?" என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும், வரும் பதில் சரியா என்று பார்க்க அவர்களிடம் வழி இல்லை.

கிளட்ச் பிளேட்டை வீட்டிலேயே மாற்றலாம் என்று யாராவது சொன்னால், "எவ்வளவு மிச்சம்?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. உண்மையைச் சொன்னால், மிச்சம் சில நூறு ரூபாய்தான். ஆனாலும் வாய்ப்பு இருப்பவர்கள் ஒரு முறையாவது செய்து பார்க்க வேண்டும். அதற்குக் காரணம் பணம் இல்லை.

காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தெரிந்த விஷயத்திலிருந்தே தொடங்கலாம். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தை எப்படிக் கெடும் என்பதை, பழைய கார் விற்பனையை உதாரணமாக வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் எழுதினார். அதற்காக 2001-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ரிப்பேர் வேலை இதைவிட ஒரு படி மோசம். பழைய கார் வாங்கியவருக்குச் சில மாதத்திலாவது அது நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். பிளேட் மாற்றிய பிறகு வண்டி நன்றாக ஓடினால், பிளேட் மாற்றியதால் ஓடுகிறதா, கேபிளைச் சரிசெய்ததால் ஓடுகிறதா? வாங்கியவருக்குக் கடைசி வரை தெரியாது. இந்த வகைச் சேவைகளைப் பற்றி மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் 1973-ல் எழுதிய கட்டுரை, ரிப்பேர் தொழிலைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கிளட்ச் என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இன்ஜினின் சக்தியை கியருக்குக் கடத்துவதும், தேவைப்படும்போது துண்டிப்பதும்தான் அதன் வேலை. நம்மூர் கம்யூட்டர் பைக்குகளில் உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட் ஒன்று, வெறும் ஸ்டீல் பிளேட் ஒன்று என மாறி மாறி அடுக்கி, ஸ்பிரிங்கால் அழுத்தி வைத்திருப்பார்கள். எல்லாம் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக்கொண்டிருக்கும். லீவரைப் பிடித்தால் அழுத்தம் விடும், பிளேட்டுகள் தனித்தனியாகச் சுழலும். விட்டால் ஒட்டிக்கொள்ளும். உராய்வுப் பகுதி தேய்ந்தால் பிடிப்பு போகும். ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் அலறும், வேகம் கூடாது. மேட்டில் டாப் கியரில் ஏறும்போது இது நன்றாகவே தெரியும்.

ஆனால் இதே அறிகுறி வேறு இரண்டு காரணங்களாலும் வரும். ஒன்று கேபிள். லீவர் நுனியில் கொஞ்சம் விளையாட்டு இருக்க வேண்டும். பல கம்யூட்டர் வண்டிகளின் கையேட்டில் இது 10 முதல் 20 மில்லிமீட்டர் என்று இருக்கும். கேபிள் அதைவிட இறுக்கமாக இருந்தால், லீவரைப் பிடிக்காதபோதும் கிளட்ச் பாதி விட்டே இருக்கும். இதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும். இரண்டாவது ஆயில். காருக்கான ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும். அதை பைக்கில் ஊற்றினால் நல்ல பிளேட்டே வழுக்கும். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இந்த இரண்டையும் பார்த்த பிறகும் வழுக்கினால்தான் பிளேட்டைக் குறை சொல்ல வேண்டும். ஒருவர் வேறு எதையும் கற்றுக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, இந்த வரிசையைத் தெரிந்துகொண்டால் போதும்.

மாற்றும் வேலை எப்படி இருக்கும்? இன்ஜின் ஆறிய பிறகு ஆயிலை வடிக்க வேண்டும். கேபிளையும் கிக்கரையும் கழற்றி, வலது பக்க கவர் போல்ட்டுகளை எடுக்க வேண்டும். போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. ஒரு அட்டையில் கவரின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வைத்தால் குழப்பம் வராது. கவர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டலாம். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் அலுமினியம் காயப்பட்டு, அப்புறம் ஆயில் கசியும். பிறகு ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். சில வண்டிகளில் நடுவில் சர்க்கிளிப் இருக்கும், சிலவற்றில் லாக் நட் இருக்கும். லாக் நட்டுக்குத் தனி டூல் வேண்டும், அதை முதலிலேயே விசாரித்துவிடுவது நல்லது. பிளேட்டுகள் வந்த வரிசையை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது வெர்னியர் காலிப்பரால் உராய்வு பிளேட்டின் தடிமனை அளக்க வேண்டும். பல வண்டிகளில் புது பிளேட்டுக்கும் தூக்கிப்போட வேண்டிய பிளேட்டுக்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்தால் வளைந்திருக்கிறதா என்று தெரியும், நீலம் பாய்ந்திருந்தால் சூடேறி வெந்திருக்கிறது என்று அர்த்தம். புது பிளேட்டை இன்ஜின் ஆயிலில் நன்றாக ஊறவைத்த பிறகே மாட்ட வேண்டும். புது கேஸ்கெட் போட வேண்டும். போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்கக் கூடாது. சிறிய போல்ட், அலுமினிய மரை, வழுக்கிவிட்டால் அதைச் சரிசெய்வது பிளேட் மாற்றுவதைவிடப் பெரிய செலவு. கடைசியாகப் புது ஆயில் ஊற்றி, கேபிளைச் சரிசெய்தால் முடிந்தது.

முதல் முறை செய்பவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். இதைக் கணக்கில் சேர்க்காமல் "லேபர் மிச்சம்" என்று சொல்வது காமர்ஸ் மாணவருக்கு அழகில்லை. சாப்பாடு டெலிவரி செய்பவருக்கு வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருமானம் போச்சு. அவர் ஒர்க்‌ஷாப்பில் கொடுப்பதுதான் லாபம். ஆனால் தேவையில்லாத பிளேட்டுக்கு ஒரு நாள் வருமானத்தை இழப்பவரும் அவர்தான். அந்த ஐந்து நிமிட கேபிள் சோதனை அதிகம் தேவைப்படுவது அவருக்கே. ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கும் கல்லூரி மாணவர் முழு வேலையையும் ஒரு முறை செய்து பார்த்தால், வீட்டில், தெருவில் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

"மெக்கானிக் பிழைப்பில் மண்ணைப் போடுவதா?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியாத ஊரில் யாருக்கு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். "பிளேட் நல்லா இருக்கு, கேபிள்தான்" என்று சொல்லி அனுப்பும் மெக்கானிக்குக் கிடைப்பது டீக் காசு. அதே வண்டிக்கு பிளேட் மாற்றிவிடுபவருக்கு நல்ல பில். இருவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத வாடிக்கையாளர், நேர்மையானவரைத்தான் தண்டிக்கிறார். கழற்றிய பிளேட்டைக் கையில் கொடுத்துக் காட்டும் மெக்கானிக்குகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் வாடிக்கையாளர்தான் அவர்களுக்குத் தேவை.

எல்லோரும் எல்லா நேரமும் செய்ய வேண்டிய வேலையும் இல்லை இது. வாரன்டி இருக்கும் வண்டியில் கை வைக்கக் கூடாது. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது, டப்பாவில் அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம். புது பிளேட் போட்ட கையோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் அரை கிளட்சிலேயே ஏறினால், அடுத்த பிளேட்டுக்கு இப்போதே காசு சேர்க்க ஆரம்பிக்கலாம்!

ரிப்பேர் செய்யும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் தொடங்கியது. வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. நல்ல விஷயம்தான். ஆனால் சட்டமும் இணையதளமும் தகவலைக் கொடுக்கலாமே தவிர, "நிஜமாவே போயிடுச்சாண்ணே? பழைய பிளேட்டைக் காட்டுங்க, அளந்து பார்ப்போம்" என்று கேட்கும் தைரியத்தைக் கொடுக்காது. ஒரு முறை கையில் ஆயில் பட்டவருக்கு அந்தத் தைரியம் தானாக வரும். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கலாம்.