கட்டாக்காலிகளும் கிறிஸ்தவ மனச்சாட்சியும்

கொட்டாஞ்சேனையிற் புனித லூசியா பேராலயத்தைச் சூழ்ந்த ஒழுங்கைகளிலும், வெள்ளவத்தையிற் காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் குறுக்குத் தெருக்களிலும் கட்டாக்காலி நாய்கள் அன்றாடப் பிரச்சினையாகும். அவற்றைக் கொல்லலாமா என்ற வினா எழும்போதெல்லாம், பௌத்தத்தின் அகிம்சையையும் சைவத்தின் ஜீவகாருண்யத்தையும் ஒரு புறத்திலும், கிறிஸ்தவத்தை மறுபுறத்திலும் நிறுத்திப் பேசுவோரைக் காண்கிறேன். விலங்குகளை ஆளும் உரிமையை ஆதியாகமம் மனிதனுக்கு வழங்கியிருப்பதால், கிறிஸ்தவனுக்கு இதில் மனக்கலக்கம் வேண்டியதில்லை என்பது அவர்களது வாதம். இவ்வாதம் ஆராயத்தக்கது.

நமது நாட்டில் இவ்வினா பழையது. 1893ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், விசர்நோயைத் தடுக்கும் பொருட்டுக் கட்டாக்காலி நாய்களைப் பிடித்து அழிக்க அதிகாரம் அளித்தது. 1973இல் மாத்திரம் 377 பேர் இந்நோய்க்கு இரையாயினர். நோயின் குறிகள் தோன்றியபின் பிழைத்தல் அரிதினும் அரிது. ஆதலால், நாய்களை அழிக்க வேண்டுமென்றோரைக் கல்நெஞ்சர் எனத் தள்ளிவிடல் நீதியன்று.

2006இல் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் அரசு நாய்களைக் கொல்வதை நிறுத்திற்று. தடுப்பூசியும் கருத்தடையும் முதலிடம் பெற்றன. இதனால் மனித மரணங்கள் பெருகிவிடவில்லை; குறைந்தே வந்துள்ளன. நாய்களுள் எழுபது வீதத்துக்கு ஊசியேற்றினால் நோய்ப் பரவல் அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கொல்லப்பட்ட நாயின் இடத்தை ஊசியேறாத வேறொரு நாய் நிரப்பிவிடும். ஊசியேறிய நாயோ தெருவுக்கு ஓர் அரணாக நிற்கும்.

இனி வேதாகமத்தை நோக்குவோம். மனிதனை முட்டிக் கொன்ற மாடு கல்லெறிந்து கொல்லப்பட வேண்டும் என்கிறது யாத்திராகமம். ஆனால், அது முட்டும் மாடென முன்னரே எச்சரிக்கப்பட்டும் அதனைக் கட்டிவைக்காத உடையவனும் தண்டனைக்குரியவன் என்று அச்சட்டம் தொடர்கிறது. உயிராபத்து நேருமிடத்து விலங்கைக் கொல்வதை வேதம் மறுக்கவில்லை. எனினும் குற்றத்தை விலங்கின் தலையில் மாத்திரம் சுமத்தவுமில்லை. பெட்டைக் குட்டிகளைச் சந்தை வாசலிலே விட்டுவிட்டு ஞாயிறு பூசைக்குச் செல்பவன் இவ்வசனத்தைச் சற்று நின்று வாசிக்கட்டும்.

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரணானவை எனக் கற்பிக்கிறது. ‘தேவையின்றி’ என்ற அச்சொல்லிலேதான் வழக்கு முழுவதும் அடங்கியுள்ளது. வேறு வழி இருக்கையில் தேவை எங்கிருந்து வந்தது?

ஆயினும் நகரவாசிகளாகிய நாம் கிராமத்தவரைக் கடிதிற் பழித்தல் தகாது. குரங்கால் தென்னை வருவாயை இழக்கும் கமக்காரனுக்கு நாய்க்கு ஊசியேற்றுவது போன்ற எளிய மாற்று இன்னும் வாய்க்கவில்லை. ஓர் இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை 2023இல் எழுந்து, நீதிமன்றம்வரை சென்று நின்றுபோயிற்று; அவனது இழப்போ நிற்கவில்லை.

விசர்கொண்ட நாய் பள்ளிச் சிறுவனை நோக்கிப் பாயுங்கால் அதனைக் கொல்வது கடமை. ஊசிக்குச் செலவிட மனமின்றி ஊர் நாய்களுக்கெல்லாம் நஞ்சு வைப்பது கடமையைத் தட்டிக்கழித்தல். மனிதனுக்கு அளிக்கப்பட்ட ஆட்சி, கணக்குக் கொடுக்க வேண்டிய காரியத்தனேயன்றி, கேள்வியற்ற உரிமையன்று என்பது எனது துணிபு.