செல் தானாக வெடிப்பதில்லை

"காஸ்டெர்மின் டி சவ்வில் துளையிடும், நீர் புகும், செல் வீங்கித் தானாக வெடிக்கும்." பைரோப்டோசிஸ் குறித்து நம் வகுப்பறைகள் இன்னும் இதையே ஓதுகின்றன. துளை உண்மை. 2021இல் வெளியான கட்டமைப்பில் அது 33 துணையலகுகள் கோத்த வளையம். உள்விட்டம் சுமார் 21 நானோமீட்டர். உட்புறம் எதிர்மின்னூட்டம் மிக்கது. முதிர்ந்த இன்டர்லூகின்-1 பீட்டாவுக்கு எளிதில் வழிவிடும், முதிராத முன்வடிவத்துக்கு விடாது. வெறும் பொத்தல் இப்படி ஆள் பார்த்து அனுப்புமா?

பிழை "தானாக" என்ற சொல்லில் இருக்கிறது. அதே ஆண்டில் விஷ்வா தீட்சித்தின் குழு, நின்ஜூரின்-1 அற்ற எலிப் பெருவிழுங்கணுக்களைச் சோதித்தது. அவை உப்பின, இன்டர்லூகினை வெளியிட்டன, இறந்தன, கிழியவில்லை. அப்புரதம் சவ்வில் இழைகளாகத் திரள்வதை 2023இன் கட்டமைப்பாய்வு காட்டிற்று.

ஆயினும், லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் கசிவை மட்டும் அளந்துவிட்டு, "காஸ்டெர்மின் துளையைத் தடுக்கும் சேர்மம் கண்டோம்" என முடிக்கும் ஆய்வேடுகள் இங்கே ஏற்கப்படுகின்றன. அந்நொதி பெரும்பாலும் சவ்வு கிழிந்த பின்னரே வெளியேறும். சாதாரண கிளைசினே அக்கசிவை அடக்கும். துளையை அது தொடுவதில்லை. அப்படியானால் அச்சேர்மம் எதைத் தடுத்தது? விடை தெரியாத முடிவை நம்பி, அடுத்து வரும் மாணவர் தம் ஐந்தாண்டுகளை அதன்மேல் கட்டுகிறார். இன்டர்லூகின் அளவீடு எங்கே, சாய ஊடுருவல் சோதனை எங்கே என்று புறத்தேர்வாளர்கள் வாய்மொழித் தேர்விலேனும் கேட்கட்டும்.