எந்த வெர்ஷனுக்கு எந்தக் கையேடு?

இரவு பத்து மணி. மறுநாள் கம்ப்யூட்டர் சயின்ஸ் செய்முறைத் தேர்வு. பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இணையத்தில் கிடைத்த பைத்தான் பாடம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இருப்பதை ஓர் எழுத்துகூடப் பிசகாமல் டைப் செய்கிறாள். முதல் வரியிலேயே பிழை. சரிபார்த்து மறுபடி அடிக்கிறாள். மறுபடியும் பிழை. ‘நமக்கு இதெல்லாம் வராது போல’ என்று கண் கலங்குகிறது.

தப்பு அவள் மேல் இல்லை. அந்தப் பாடம் பைத்தான் 2-க்காக எழுதப்பட்டது. அவள் லேப்டாப்பில் இருப்பது பைத்தான் 3. திரையில் ஒரு வாக்கியத்தைக் காட்டச் சொல்லும் ‘பிரின்ட்’ கட்டளைக்குப் பழைய வெர்ஷனில் அடைப்புக்குறி தேவையில்லை. புதியதில் கட்டாயம் வேண்டும். ஒரு ஜோடி அடைப்புக்குறிக்காக அந்தப் பெண்ணின் தூக்கம் போயிற்று.

இந்தப் பிழையாவது சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. சத்தமே போடாத பிழைகளும் உண்டு. 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால், பைத்தான் 3 தரும் விடை 3.5. பைத்தான் 2 வெறும் 3 என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மிச்சத்தைத் தள்ளிவிடுவது அதன் வழக்கம். புதிய கையேட்டைப் படித்துவிட்டு, பழைய வெர்ஷன் ஓடும் கம்ப்யூட்டரில் ஒருவர் கணக்கு எழுதினால், ஏழு ரூபாயை இரண்டு பேருக்குப் பிரிக்கும்போது ஒரு ரூபாய் காணாமல் போகும். எந்த எச்சரிக்கையும் வராது. ரூபாய் இருக்கும் இடத்தில் மருந்தின் அளவு இருந்தால்?

ஒரு கையேடு சரியா, தவறா என்பது அது எந்த வெர்ஷனுக்கு என்பதைப் பொறுத்தது. இந்தச் சின்ன உண்மையைக் காப்பாற்றத்தான் மென்பொருள் உலகம் பெரிய பெரிய ஏற்பாடுகளைச் செய்து வைத்திருக்கிறது.

பழசைத் தூக்கிப் போட முடியாது

புது வெர்ஷன் வந்ததும் வலைத்தளத்தில் இருக்கும் கையேட்டைத் திருத்தி எழுதிவிட்டால் போதாதா? போதாது. புதியது வந்த அன்றைக்கே எல்லோரும் அதற்கு மாறிவிடுவதில்லை. பைத்தான் 3 வெளியானது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கான ஆதரவு நின்றது 2020 ஜனவரி 1-ம் தேதி. இடையில் 11 ஆண்டுகள் இரண்டும் அக்கம்பக்கமாக ஓடின. பழைய வெர்ஷனில் ஓடும் ஒரு கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வருகிறவருக்குப் பழைய கையேடுதான் துணை. வீட்டில் இருப்பது பத்து வருஷத்து மிக்ஸி என்றால், இந்த வருஷ மாடலின் கையேடு எதற்கு உதவும்?

அதனால்தான் பைத்தான் குழு பழைய கையேடுகளைத் தூக்கி எறியவில்லை. 1996-ல் வந்த 1.4 வெர்ஷனின் கையேடுகூட அவர்களின் தளத்தில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் ஓடும் குபெர்னெட்டிஸ் என்ற மென்பொருள் வேறு கணக்கு வைத்திருக்கிறது: இப்போதைய வெர்ஷன், அதற்கு முந்தைய நான்கு வெர்ஷன்கள், ஆக ஐந்துக்கு மட்டும் கையேடு. எத்தனை காலத்துக்கு எதை வைத்திருப்பது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதும் ஒரு நாணயம்தான்.

சமையல் குறிப்பு மட்டும் போதாது

பக்கங்களைச் சேமித்து வைப்பதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது.

இந்தக் கையேடுகளை யாரும் பக்கம் பக்கமாக அலங்கரித்து உருவாக்குவதில்லை. எழுதுகிறவர்கள் சாதாரண எழுத்துக் கோப்புகளாக எழுதித் தருகிறார்கள். அதை வாங்கி, தலைப்பு, பொருளடக்கம், தேடல் பெட்டி, இணைப்புகள் எல்லாம் சேர்த்து வலைத்தளமாக மாற்றித் தர ஒரு கருவி இருக்கிறது. பைத்தான் கையேட்டுக்காகவே 2008-ல் பிறந்த ஸ்ஃபிங்க்ஸ் அப்படி ஒன்று. ஜெக்கில், ஹ்யூகோ என்று வேறு சிலவும் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கருவிகளுக்கும் வெர்ஷன்கள் உண்டு. ஐந்து வருஷத்துக்கு முந்தைய கையேட்டில் ஆபத்தான தவறு ஒன்று இருப்பது இன்றைக்குத் தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வரியைத் திருத்தினால் போதும். ஆனால், அன்றைய கருவி இன்றைய லேப்டாப்பில் ஓட மறுக்கும். இன்றைய கருவிக்கோ அன்றைய கோப்புகள் புரியாது. ‘என் கம்ப்யூட்டரில் ஓடியதே’ என்று சொல்லக்கூடியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். சமையல் குறிப்பு கையில் இருக்கிறது, சமைத்த அடுப்புதான் இல்லை.

அடுப்போடு சேர்த்து ஒரு பெட்டி

இங்கேதான் கன்டெய்னர் வருகிறது. எண்ணூர், தூத்துக்குடி சாலைகளில் லாரி மேல் போகும் அந்த இரும்புப் பெட்டியின் பெயரேதான்.

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 கன்டெய்னர்களோடு கிளம்பியது. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளியின் யோசனை அது. உள்ளே என்ன சரக்கு என்று கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் அளவு ஒன்றாக இருந்தால் போதும். லாரி, ரயில், கப்பல் எதிலும் ஏறும்.

மென்பொருளுக்கும் அப்படி ஒரு பெட்டியை எளிதாக்கித் தந்தது டாக்கர். 2013 மார்ச் மாதம், சான்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் அதை ஐந்தே நிமிடப் பேச்சில் உலகுக்குக் காட்டினார். ஒரு மென்பொருள் ஓடத் தேவையான கருவிகள், துணைக் கோப்புகள், அமைப்புகள் அத்தனையையும் ஒன்றாகக் கட்டி வைத்தால் அதன் பெயர் இமேஜ். அந்த இமேஜை ஓடவிட்டால் அது கன்டெய்னர். முறுக்கு அச்சு ஒன்றுதான், பிழிந்தெடுக்கும் முறுக்கு எத்தனை வேண்டுமானாலும் என்பதுபோல, ஒரே இமேஜிலிருந்து எத்தனை கன்டெய்னர்கள் வேண்டுமானாலும் ஓடும்.

கையேட்டுத் தளத்துக்கு இது எப்படிப் பயன்படுகிறது? வேலையை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறார்கள். முதல் இமேஜ் சமையலறை. குறிப்பிட்ட வெர்ஷன் ஸ்ஃபிங்க்ஸோ ஹ்யூகோவோ, அதற்குத் தேவையான சாமான்களோடு அதற்குள் இருக்கும். எழுத்துக் கோப்புகள் அதற்குள் போய் வலைப்பக்கங்களாக வெளியே வரும். இரண்டாவது இமேஜ் பரிமாறும் பாத்திரம். பக்கங்களைக் கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் போன்ற சிறிய சர்வரும், சமைத்து முடித்த பக்கங்களும் மட்டும் இதில் இருக்கும். பந்திக்கு யாரும் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அதனால் பாத்திரத்தின் எடை குறைகிறது, திருடன் நுழையும் ஓட்டைகளும் குறைகின்றன. 2017-ல் வந்த டாக்கர் 17.05 முதல் இந்த இரண்டு கட்டங்களையும் ஒரே கோப்பில் எழுதிவிடலாம் என்றானது.

ரிலீஸ் நாள்

முன்பெல்லாம் புதிய பக்கங்களைச் சர்வரில் ஒவ்வொன்றாக நகலெடுத்துப் போடுவார்கள். பாதி போட்டுக்கொண்டிருக்கும்போது படிக்க வருகிறவருக்குப் பாதி புதுசு, பாதி பழசு என்று கலந்து கிடைக்கும். நடுவில் இணைப்பு அறுந்தால் அலங்கோலம்.

இமேஜ் முறையில் கையேடு முழுவதும் ஒரே பொட்டலம். முதலில் அதைக் கட்டுகிறார்கள். உடைந்த இணைப்புகள் இருக்கின்றனவா என்று சோதிக்கிறார்கள். பிறகு வெர்ஷன் எண்ணை அதன் மேல் சீட்டாக ஒட்டுகிறார்கள். கடைசியாக, வருகிற வாசகர்களைப் பழைய பொட்டலத்திலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுகிறார்கள். ஏதாவது தப்பு தெரிந்தால், பழைய பொட்டலம் அப்படியே இருக்கிறது. திரும்பத் திருப்பிவிட்டால் போதும்.

டாக்கர் நிறுவனமே தன் கையேட்டை இப்படி வெளியிட்டுப் பார்த்தது. 1.12, 1.13, 17.03 என்று ஒவ்வொரு வெர்ஷனின் கையேட்டுத் தளமும் தனித்தனி இமேஜாகக் கிடைத்தது. 1.13-க்குப் பிறகு 17.03 என்று தாவியதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். 2017-ம் ஆண்டு, 3-ம் மாதம் என்று பெயர் வைக்கும் முறைக்கு மாறினார்கள், அவ்வளவுதான். தேவையான இமேஜை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால், ஒற்றை வரிக் கட்டளையில் அந்தத் தளம் முழுவதும் சொந்த லேப்டாப்பிலேயே ஓடும். அதற்குப் பிறகு இணையமே வேண்டாம். பாதுகாப்புக் காரணங்களுக்காக வெளியுலக இணைப்பே தராத அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இவ்வளவையும் சொந்தமாகச் செய்ய ஆள்பலம் இல்லாத சிறு குழுக்களுக்கு, 2010-ல் தொடங்கிய ‘ரீட் த டாக்ஸ்’ என்ற சேவை இருக்கிறது. எழுத்துக் கோப்புகளைக் கொடுத்துவிட்டால், அது தன் கன்டெய்னர்களுக்குள் வைத்துப் பக்கங்களை உருவாக்கி, வெர்ஷன் வாரியாக அடுக்கி வைக்கும். ஓப்பன் சோர்ஸ் மென்பொருட்களுக்கு இது இலவசம்.

‘லேட்டஸ்ட்’ செய்யும் குழப்பம்

இந்த உலகத்தில் அதிகம் பேரை ஏமாற்றும் சொல் ‘லேட்டஸ்ட்’. இமேஜின் மேல் அப்படி ஒரு சீட்டு இருந்தால் அதுதான் ஆகப் புதியது என்று அர்த்தமில்லை. அது வெறும் பெயர். ஒட்டியவர் மாற்ற மறந்திருந்தால் அது போன வருஷத்துச் சரக்காகவும் இருக்கலாம். இன்று ஒன்றைச் சுட்டும், நாளை வேறொன்றைச் சுட்டும். ரீட் த டாக்ஸில் ‘லேட்டஸ்ட்’ என்றால் பெரும்பாலும் இன்னும் வெளிவராத, வேலை நடந்துகொண்டிருக்கும் வெர்ஷனின் கையேடு. வெளியான வெர்ஷனுக்கு ‘ஸ்டேபிள்’ என்ற தனிப் பெயர் உண்டு.

சீட்டை நம்ப முடியாத இடத்தில் கைரேகை உதவும். ஒவ்வொரு இமேஜுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட 64 எழுத்து அடையாளம் ஒன்று உண்டு. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அந்த அடையாளம் மாறிவிடும். கறாரான குழுக்கள் பெயரோடு சேர்த்து இதையும் குறித்து வைக்கின்றன.

சீல் வைத்ததோடு வேலை முடிவதுமில்லை. உள்ளே இருக்கும் சர்வரில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால், பழைய பக்கங்களைப் புதிய பாத்திரத்தில் மாற்றி மறுபடி கட்ட வேண்டும். கூகுள் தேடலில் பழைய பக்கம் முதலில் வந்து நிற்கும் தொல்லையும் உண்டு. அதற்காகத்தான் நல்ல தளங்கள் பழைய பக்கங்களின் தலையில் ‘இது பழைய வெர்ஷன்’ என்று பட்டை கட்டி, புதியதற்கு வழியும் காட்டுகின்றன.

படிக்கிறவர் செய்ய வேண்டியது

கையேடு எழுதுகிறவர்கள் இவ்வளவு பாடுபட்டாலும், கடைசி அடியைப் படிக்கிறவர்தான் வைக்க வேண்டும். முதலில், சொந்த மெஷினில் இருப்பது எந்த வெர்ஷன் என்று பார்த்துக்கொள்வது. அடுத்து, பக்கத்தின் மேல் மூலையில் இருக்கும் வெர்ஷன் பட்டியலில் அதே எண்ணைத் தேர்ந்தெடுப்பது. எண்ணும் இல்லை, தேதியும் இல்லை என்றால் அந்தப் பக்கத்தை நம்பாமல் இருப்பது. போனில் ஒரு செட்டிங்கை வீடியோ பார்த்து மாற்றுகிறவர்களுக்கும் இதே விதிதான்.

அந்த மாணவிக்கும் யாராவது இதைச் சொல்லியிருந்தால் போதும். பைத்தான் தளத்தின் மேல் மூலையில் வெர்ஷனைத் தேர்ந்தெடுக்கும் சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் 3-ஐத் தொட்டு, அடைப்புக்குறியைச் சேர்த்து, பத்தேகாலுக்கெல்லாம் லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கப் போயிருப்பாள்.